கடலுக்கு அஞ்சாதவர் உலைக்கு ஏன் அஞ்சுகிறார்?

பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருந்தார். பெங்களூரில் மென்பொருள் வேலை, இப்போது அவருடைய குழு செயற்கை நுண்ணறிவில் ஏதோ செய்கிறதாம். கேள்வி இது: "நம்ம திருநெல்வேலி மாவட்டத்தையே எடுத்துக்குங்க. இடிந்தகரையில் தினமும் கடலுக்குப் போகிறவர் அணு உலைக்குப் பயப்படுகிறார். முப்பது வருஷம் புகையிலைத் தூளைச் சுவாசித்த பீடித் தொழிலாளி கைரேகை மெஷினைக் கண்டு பதறுகிறார். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினை எரித்துப் பார்த்தால் மட்டும் யாரும் கவலைப்படுவதில்லை. அப்படியென்றால் ஆபத்தைக் கணக்குப் போட நம் மக்களுக்குத் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? அறிவியல் படிப்பு பரவினால் இது சரியாகிவிடுமா?"

நான் வள்ளியூர்க்காரன். 26 வருஷம் ரசாயன ஆலைகளின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வால்வு கசியும், கசிந்தால் எத்தனை பேருக்கு அடிபடும் என்று தாளில் கட்டம் போட்டு நிரப்பியதுதான் எனக்குச் சோறு போட்டது. அதனால் 'சனங்களுக்குக் கணக்குத் தெரியாது' என்று நானும் ஒரு காலத்தில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கட்டத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு பக்கம் 'எவ்வளவு அடிக்கடி நடக்கும்', ஒன்று முதல் ஐந்து வரை. இன்னொரு பக்கம் 'நடந்தால் எவ்வளவு மோசம்', அதுவும் ஒன்று முதல் ஐந்து. இரண்டையும் பெருக்கு. வருகிற எண்ணைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு. அவ்வளவுதான் வித்தை. உபயோகமான வித்தை, குறை சொல்லமாட்டேன். ஆனால் அடி யார் தலையில் விழும், விழுந்த பிறகு அவருக்காக யார் வந்து நிற்பார் என்பது அந்தப் பெருக்கலில் எங்குமே வராது. அந்தத் தாளை நிரப்புகிறவனுக்கு அது தேவைப்படாது. அவனுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, மாற்றல் கேட்டுப் போக வேறு ஊர் இருக்கிறது. மற்றவர்களுக்கோ அதுதான் முதல் கேள்வி.

கடற்கரைக்குப் போவோம். உவரிப் பக்கம் எனக்கு ஒரு கல்லூரிச் சிநேகிதன். அவனுடைய அப்பா அறுபது வயதுக்கு மேலும் தொழிலுக்குப் போனவர். ஒருநாள் விடியுமுன் அவரோடு கரையில் நின்றேன். டார்ச்கூட அடிக்காமல் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் இறங்கி முழங்கால் அளவில் நின்றார். நீரோட்டத்தை அங்கே நீவாடு என்பார்கள். அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காலால் பார்க்கிறார். அப்புறம் கச்சான் காற்று கன்னத்தில் அடிக்கிற விதம். திரும்பி வந்து, "இன்னைக்கு வேண்டாம் டே" என்றார். கரையில் நின்ற நாலைந்து பேர் மறுபேச்சில்லாமல் வலையைச் சுருட்டினார்கள். எனக்குக் கடல் அன்று முந்தின நாள் மாதிரியேதான் தெரிந்தது.

அந்தப் பத்து நிமிஷத்தில் நடந்ததும் ஆபத்து மதிப்பீடுதான். அறிகுறி கண்ணுக்கும் காலுக்கும் தெரிகிறது. முடிவு அவருடையது. போனால் கிடைக்கிற மீனும் அவருடையது. வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஒருவன் திரும்பாவிட்டால் ஊரே வள்ளம் எடுத்துத் தேடப் போகும். கடல் ஆளை விழுங்கும் என்பது அவருக்கு உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாகத் தெரியும். அதனால் 'கடலுக்கே பயப்படாதவர்' என்று நாம் சொல்வதே தப்பு. பயந்து பயந்து, அந்தப் பயத்தை ஒரு கைத்தொழிலாக்கி வைத்திருக்கிறார்.

இதே மனிதருக்கு முன்னால் கூடங்குளம் உலையை வையுங்கள். மேலே சொன்ன எதுவுமே அதில் இல்லை. முடிவு 1988 நவம்பரில், ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டதோடு ஆயிற்று. சோவியத்தின் செர்னோபில் அணு உலை வெடித்து இரண்டரை வருஷம்தான் ஆகியிருந்தது. 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் மீனவர் அமைப்புகள் நடத்திய பேரணி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சோவியத் யூனியனே சிதறிப்போய், திட்டம் தூங்கி எழுந்து, 2002இல் கான்கிரீட் விழுந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. வீடிழந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பின் மாடியில் ஏறினால் உலைக் கோபுரம் தெரியும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஃபுகுஷிமா: சுனாமி, அணு உலை விபத்து. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போதே, சில மாதங்களில் இங்கே சூடேற்றும் சோதனை, நீராவியின் பேரிரைச்சல். ஆகஸ்டில் இடிந்தகரை லூர்து மாதா கோவில் பந்தலில் உண்ணாவிரதம் தொடங்கியது. சுனாமியை நேரில் பார்த்த ஒருத்தி, கடலும் உலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். அவளுடைய பயத்தை 'அறியாமை' என்பதற்கு நிறைய தைரியம் வேண்டும்.

பொறியாளர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவர்களும் ஒரு சமூகம்தான்; அவர்களுக்கும் சொந்த மொழி, சொந்த நம்பிக்கை, சொந்த ஊர்க்கட்டுப்பாடு எல்லாம் உண்டு. ஃபுகுஷிமாவில் உலையைக் கெடுத்தது மின்சாரம் போனது. சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, குளிரூட்டல் நின்றது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தாலேயே வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு இருக்கிறது. எரிபொருள் உருகி வழிந்தால் பிடித்துக்கொள்ள உலைக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. ஃபுகுஷிமாவில் இரண்டும் கிடையாது. என் கட்டத்தில் நிரப்பினால் கூடங்குளத்துக்கு நானும் ஆபத்து எண்ணைக் குறைத்துத்தான் போடுவேன். 2011 நவம்பரில் அப்துல் கலாம் வந்து பார்த்துவிட்டு, உலை பாதுகாப்பானது என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார். பந்தலில் இருந்தவர்கள் கேட்டது வேறு கேள்வி: வெடிக்குமா என்பது மட்டுமில்லை, ஏதாவது ஆனால் எங்களுக்கு எப்போது சொல்வீர்கள், சொல்வீர்களா?

இது வெறும் சந்தேக புத்தி இல்லை. 2012 ஜூனில் நக்கனேரி என்ற சிற்றூரில் பேரிடர் ஒத்திகை நடந்தது. அதைப் பார்த்த பிறகும் பக்கத்து ஊர்க்காரர்களின் கேள்வி அடங்கவில்லை: அது நக்கனேரி, எங்கள் ஊருக்கு எப்போது, எந்த ரோட்டில், எந்த பஸ்ஸில்? 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை இயக்கலாம் என்றது, கூடவே 15 உத்தரவுகளும் போட்டது. அவற்றில் ஒத்திகையும் உண்டு, எரிந்து தீர்ந்த எரிபொருளை என்ன செய்வது என்பதும் உண்டு. அந்தக் கழிவைச் சேமிக்கும் இடம் பற்றி 2019 ஜூலையில் ராதாபுரத்தில் நடப்பதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அதே வருஷம் அக்டோபர் 29 அன்று, உலையில் சைபர் தாக்குதல் நடக்க வாய்ப்பே இல்லை என்று ஓர் அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் (மால்வேர்) நுழைந்தது உண்மை, செப்டம்பரிலேயே கண்டுபிடித்துவிட்டோம், உலையை இயக்கும் வலையமைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று இன்னோர் அறிக்கை. தொழில்நுட்பக் கணக்கில் இது சின்ன விஷயம். உலைக்கு ஒரு கீறல்கூட இல்லை. கரையில் இருப்பவர் கணக்கில் பெரிய விஷயம். அவர் அளந்து வைத்திருப்பது உலையின் சுவரை இல்லை, சொல்கிறவரின் வாயை. செப்டம்பரில் தெரிந்ததை அக்டோபர் கடைசியில், அதுவும் ஒருமுறை மறுத்த பிறகு சொன்னால், அந்த அளவுகோலில் எத்தனை புள்ளி குறையும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை தாமதமானதால் நடுக்கடலில் சிக்கியவர்கள் இந்தத் தென்கோடிக் கரையின் ஆட்கள். அதையும் சேர்த்துத்தான் கூட்டுகிறார்கள்.

'கணக்குத் தெரியாது' என்ற வாதத்தை உடைத்த ஓர் ஆராய்ச்சி இருக்கிறது, அமெரிக்காவில். பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 30 விஷயங்களைக் கொடுத்து ஆபத்து வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். 1987இல் 'சயன்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. பெண் வாக்காளர் கழகத்தினரும் சரி, கல்லூரி மாணவர்களும் சரி, அணுமின்சாரத்துக்கு முதலிடம் கொடுத்தார்கள். நிபுணர்கள் 20ஆவது இடம். எக்ஸ்ரேயில் அப்படியே தலைகீழ்: நிபுணர்கள் 7, அந்தக் கழகத்தினர் 22. இதை வைத்து 'பாமரர்' என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் வருஷத்துக்கு எத்தனை பேர் சாவார்கள் என்று தனியாகக் கேட்டபோது, அதே பொதுமக்கள் அணுமின்சாரத்துக்குச் சொன்ன எண் மிகக் குறைவு. ஆக, தலைகளை எண்ணத் தெரியாமல் முதலிடம் கொடுக்கவில்லை. நிபுணருக்கு ஆபத்து என்றால் சாவுக்கணக்கு. மற்றவர்களுக்கு அது ஒரு பகுதிதான். பெருங்கேடாகுமா, கண்ணுக்குத் தெரியாததா, பிள்ளைகள் காலம்வரை நீளுமா, என் கையில் இருக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்து அதற்குப் பெயர் ஆபத்து. சொல் ஒன்று, பொருள் இரண்டு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நிபுணர்களே சறுக்கியதற்கும் ஒரு கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. செர்னோபில் புகை காற்றில் போய் 1986 மே மாத மழையோடு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் இறங்கியது. புல்லில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள், புல் தின்ற ஆட்டில் சீசியம். ஆடு விற்கத் தடை. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் விஞ்ஞானிகள். அவர்கள் கணக்கு களிமண் நிலத்தில் கற்றது; களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலையிலோ செடிகொடி மக்கிய, அமிலத்தன்மையுள்ள கரிமண். அது பிடிக்காமல் திரும்பத் திரும்பப் புல்லுக்கே கொடுத்தது. கடைசிப் பண்ணைக்குத் தடை நீங்கியது 2012இல். மூன்று வாரம், 26 வருஷம்! நடுவில் ஒரு பரிசோதனைக்காக ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள். திறந்த மலையில் திரிந்த ஆடு அடைத்தால் மெலியும், உங்கள் கணக்கே கெடும் என்று ஆட்டுக்காரர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். கேட்கவில்லை. பிறகு சத்தமில்லாமல் அந்தப் பரிசோதனையைக் கைவிட்டார்கள். பிரையன் வின் என்ற சமூகவியலாளர் இதைக் கூட இருந்து பார்த்து எழுதினார். அந்த ஆட்டுக்காரர்களுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. பக்கத்திலேயே செல்லாஃபீல்ட் அணு வளாகம். 1957இல் தீப்பிடித்த இடம். இந்தச் சீசியம் முழுக்க செர்னோபிலிலிருந்துதான் வந்ததா என்று கேட்டார்கள். உவரிக்காரர் அங்கே பிறந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்.

இதனால் உள்ளூர் பயமெல்லாம் ஞானம் என்று சொல்ல வரவில்லை. பணகுடி, ராதாபுரம் பக்கம் மின்சாரக் காற்றாடிகள் பெருகியபோது, 'காத்தாடி மேகத்தை வெட்டித் தள்ளுது, அதான் மழை இல்லை' என்று ஒரு பேச்சு ஓடியது. என் சித்தப்பாவே டீக்கடையில் இதை ஒரு விஞ்ஞானி தோரணையில் விளக்குவார். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வருகிற ஆனி, ஆடிதான் இந்தப் பக்கம் மழை குறைந்த காலம். மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு வறண்ட காற்றாக இறங்குகிறது. காற்றாடி வேகமாகச் சுற்றும்போது மழை இல்லை என்று அவர் பார்த்தது நிஜம், சொன்ன காரணம் தப்பு. இறக்கைகள் சுற்றும் உயரம் வேறு, மழை மேகம் நிற்கும் உயரம் வேறு. ஆனால் அவரை உட்காரவைத்துக் கிளறியபோது வேறொன்று வந்தது. காற்றாடிக்குப் போட்ட செம்மண் ரோடு குளத்துக்கு வருகிற ஓடையை மறித்துவிட்டது. குழாய் பதித்திருந்தார்கள், அது மண் மூடிக் கிடந்தது. மேகக் கதை பொய், குளத்துக்குத் தண்ணீர் குறைந்தது மெய். மேகத்தைப் பற்றிச் சிரித்துவிட்டுப் போன அதிகாரிக்கு அந்தக் குழாய் கண்ணில் படவே இல்லை.

தடுப்பூசியில் இவ்வளவு பெருந்தன்மை காட்ட எனக்கு மனசில்லை. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். ஊசிக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எங்கள் தெருவில் பல பேர் முகாமுக்குப் போவதைத் தள்ளிப்போட்டார்கள், அவர்களில் எனக்கு வேண்டிய ஒருவரை அந்த மே மாதம் இழந்தோம். கரையில் காலால் நீரோட்டம் பார்க்கிறவரின் பயத்துக்குப் பின்னால் நாற்பது வருஷக் கவனிப்பு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த பயத்துக்குப் பின்னால் ஒரு ஃபார்வர்ட் இருக்கிறது. இரண்டையும் 'மக்களின் அச்சம்' என்று ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. பயத்தைக் கிளறினால் அடியில் அவர் தானே பார்த்த ஏதாவது கிடைக்கிறதா என்பது ஓரளவுக்கு நல்ல சோதனை. சித்தப்பாவிடம் கிடைத்தது.

சரி, மகேந்திரகிரி. இஸ்ரோவின் எஞ்சின் சோதனைத் தளம் 1980களிலிருந்து அந்த மலையடிவாரத்தில் இருக்கிறது. விகாஸ் எஞ்சினுக்கு ஊற்றும் எரிபொருளும் அதை எரிக்கும் திரவமும் கடுமையான நஞ்சு. கிரயோஜெனிக் எஞ்சினுக்கு, கடுங்குளிரில் வைக்கிற, எளிதில் தீப்பற்றும் திரவ ஹைட்ரஜன். என் பழைய கட்டத்தில் அந்தத் தொட்டிகள் பச்சையில் விழுந்திருக்காது, அது மட்டும் நிச்சயம். ஆனாலும் சோதனைச் சத்தம் கேட்டால் காவல்கிணறில் டீ ஆற்றுகிறவர், "நம்ம ராக்கெட்டு" என்கிறார். எனக்குத் தோன்றுகிற காரணங்கள்: சத்தம் சில நிமிஷத்தில் நின்றுவிடும், நின்றது காதுக்கே தெரியும். கடலை, மீனை, குளத்தைத் தொடவில்லை. பிறகு, நிலவுக்குப் போனதில் நம் மலைக்கும் பங்கு இருக்கிறது என்ற பெருமை. பெருமைக்கு முன்னால் ஆபத்து கொஞ்சம் பவ்யமாகத்தான் நிற்கும். இது சரியான மதிப்பீடா? எனக்கு அரை மனசுதான். நம்பிக்கையால் பயம் குறைகிறது என்றால், நம்பிக்கை தப்பான இடத்தில் இருந்தாலும் குறையும் அல்லவா.

ஒரே ஊருக்குள்ளேயே ஒரே பொருள் எத்தனை விதமாகத் தெரியும் என்பதற்கு மருந்தடிக்கிற ட்ரோன். மகளிர் குழுக்களுக்கு 15,000 ட்ரோன் கொடுக்கும் மத்திய அரசின் திட்டம் 2023இல் வந்ததிலிருந்து இது இன்னும் பேச்சாகியிருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பிசான நெல் வயலில் முதல்முறை பறந்தபோது வரப்பில் நின்று பார்த்தேன். பத்து லிட்டர் டேங்க், பத்து நிமிஷத்துக்குள் ஒரு ஏக்கர் முடிந்தது. வயல்காரருக்கு ஒரே கவலை: காசுக்கேற்ற மாதிரி பூச்சி சாகுமா. இதுவரை முதுகில் டேங்க் கட்டி, முகத்தில் வெறும் துண்டோடு மருந்தடித்த ஆள் பக்கத்தில் நின்றார். அவர் உடம்புக்கு இது பெரிய விடுதலை. நஞ்சு இனி அவர் மூக்குக்குள் போகாது. அவர் சொன்னதோ, "அப்ப எனக்குச் சோலி?" மூன்றாவது ஆள், அடுத்த வயலில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அவர்தான் உண்மையிலேயே கோபமாக இருந்தார். வெற்றிலையைப் பறித்தால் கழுவியும் கழுவாமலும் அப்படியே வாயில் போகிறது. காற்று அவர் பக்கம் அடித்தால் இந்த மருந்து எங்கே போய் விழும்? ட்ரோன் ஓட்டிய பையன் நல்லவன், காற்று வேகம் பார்த்துத்தான் பறக்கவிடுவோம் என்றான். "எந்தக் காத்தைப் பாக்குதே? உங்க வயல்ல அடிக்கதையா, எங்க கொடிக்கால்ல அடிக்கதையா?" என்று கேட்டார். பையனிடம் பதில் இல்லை. அந்த மூன்று பேருமே தெளிவாகத்தான் யோசித்தார்கள். விளைச்சல், கூலி, வெற்றிலை என்று இழப்பதற்கு ஆளுக்கொன்று இருந்தது. விற்பனைப் பிரசுரத்தில் முதலாமவரின் கணக்கு மட்டும்தான் அச்சாகியிருக்கும்.

இப்போது கைரேகை மெஷின். என் மனைவியின் பெரியம்மா முக்கூடலில் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். பத்து வயதில் பீடித் தட்டை மடியில் வைத்தவர். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனையை விரலால் மடித்து, நூல் கட்டி, நாளுக்கு ஆயிரம் என்று அரை நூற்றாண்டு சுற்றியிருக்கிறார். இருமல் உண்டு. தூள்தான் காரணம் என்று அவருக்கே தெரியும். சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969இல், தானாக விரும்பி ஏற்கும் ஆபத்தை மனிதர்கள் திணிக்கப்பட்டதைவிட ஆயிரம் மடங்குவரை பொறுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். பலர் இதை இன்னும் வேதம்போல் சொல்கிறார்கள். பெரியம்மா தூளை விரும்பி ஏற்றாரா? வேறு வேலை இருந்து, இதைத் தேர்ந்தெடுத்தாரா? பழகிப்போவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. புதிய ஆபத்துக்குப் பதறுகிறவர் பழையதை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று உங்கள் கேள்வியில் ஒரு ஊகம் ஒளிந்திருக்கிறதே, அதோடு எனக்குச் சண்டை உண்டு.

அவருக்குப் பி.எஃப். பென்ஷன் வருகிறது, சொற்பம்தான். வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். முன்பு தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும். பிறகு ஆதார் கைரேகை வந்தது. பெரியம்மாவின் விரல் நுனிகளைப் பார்த்திருக்கிறேன், கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். அரை நூற்றாண்டு இலையும் வயதும் சேர்ந்து ரேகையைத் தேய்த்துவிட்டன. மெஷினில் வைத்தால் சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வை, எண்ணெய் தேய்த்து வை, அடுத்த விரலை வை. ஒவ்வொரு விரலாகப் பத்தும் தோற்றது. பின்னால் வரிசை. மெஷின் வைத்திருந்தவர், "உங்க ரேகை விழல, நாளைக்கு வாங்க" என்றார். நாளைக்கு ரேகை முளைத்துவிடுமா? ரேஷன் கடைக்கு 2020இல் அதே மெஷின் வந்தபோது அவர் பதறியதைத்தான் நீங்கள் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைக்கிறீர்கள்.

இதை உருவாக்கிய பொறியாளரிடம் கேட்டால், நூற்றில் இத்தனை பேருக்குத் தவறலாம், ஏற்கத்தக்க அளவுதான் என்பார். அந்தத் தவறு எல்லார் மேலும் சமமாகத் தூவப்பட்டிருந்தால் அவர் சொல்வது சரி. அது அப்படி விழுவதில்லை. பீடி சுற்றுகிறவர், செங்கல் சுமக்கிறவர், பாத்திரம் தேய்க்கிறவர், உப்பளத்தில் நிற்கிறவர் என்று கையால் பிழைப்பவர்கள் மேலேயே திரும்பத் திரும்ப விழுகிறது. உங்கள் கைக்கும் என் கைக்கும் அது கிட்டத்தட்ட பூஜ்யம். முக்கூடலில் ஒரு தெருவுக்கு அது அன்றாடம்.

திருநெல்வேலி டவுன் ரதவீதியில் காய்கறி விற்கிற அக்காவிடம் போன் பே எதிர்ப்பைப் பார்க்கமுடியாது, கவனித்திருக்கிறீர்களா? ஆரம்பத்தில் இருந்தது. பொய் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு இரண்டு கிலோ தக்காளியோடு போனவர்கள் உண்டு. பணம் வந்ததும் கத்துகிற பெட்டி வந்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. யாரும் அவருக்கு டிஜிட்டல் விழிப்புணர்வு வகுப்பு எடுக்கவில்லை. அவருடைய நஷ்டம் எங்கே என்று கண்டு அந்த இடத்தில் ஒரு பெட்டியை வைத்தார்கள், அவ்வளவுதான். அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு, படிப்பு பரவட்டும், நல்லதுதான். மேகக் கதைக்கும் ஊசி வதந்திக்கும் அது உதவும். கொடிக்கால்காரரின் கேள்விக்கும் இடிந்தகரைக்காரரின் கேள்விக்கும் உதவாது. அவர்கள் நன்றாகப் படித்தால் இன்னும் கூர்மையாகக் கேட்பார்கள்.

உங்கள் குழு என்ன செய்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கடனோ, காப்பீடோ, உதவித்தொகையோ யாருக்கு என்று முடிவுசெய்கிற எதுவானாலும், சோதனைக்கு உட்காரவைக்கும் ஆட்களில் முக்கூடலிலிருந்து நாலு பேரும் உவரியிலிருந்து நாலு பேரும் இருக்கட்டும். 'இது தப்பாகச் சொன்னால் யாரிடம் போவீர்கள்' என்று அவர்களைக் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்கிற அந்த ஆள் நிஜமாகவே அங்கே இருக்கிறாரா என்று நீங்களே போய்ப் பாருங்கள். நூற்றுக்கு எத்தனை சரி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியம்மா கதை முடியவில்லை. போன கார்த்திகையில் அதே தெருவில் இ-சேவை வைத்திருக்கும் ஒரு பையன் வீட்டுக்கே வந்தான். இப்போது போனில் முகத்தைக் காட்டினால் போதும், ரேகை வேண்டாம். "ஆச்சி, கண்ணைச் சிமிட்டுங்க" என்றான். பெரியம்மா ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார். அவன் சிரிக்க, அவரும் சிரிக்க, அது ஏறவில்லை. இரண்டாம் தடவை இரண்டு கண்ணையும் மூடித் திறந்தார், ஏறிவிட்டது. இந்த மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தினசரி காலண்டர் அட்டையில் அந்தப் பையனின் போன் நம்பரை எழுதி வைத்திருந்தார். பென்சிலில் எழுதினால் அழிந்துவிடும் என்று அதன் மேலேயே பேனாவால் இன்னொரு தடவை எழுதியிருந்தார்.